ஞாயிற்றுக்கிழமை நாலு மணிச் சத்தம்

எங்கள் நாடகக் குழுவில் புருஷன் வேஷம் எப்போதும் எனக்குத்தான். குழுவில் ஆண்பிள்ளை யாரும் கிடையாது. நான் நல்ல உயரம், குரலும் கட்டை, கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். "நீ வேசமே போட வேணாங்க்கா, லுங்கிய மட்டும் கட்டு, போதும்" என்பாள் பூக்காரி. மலைக்கோயில் படிக்கட்டு ஓரம் பூ விற்கிறவள் அவள். நாடகத்தில் என்னிடம் அடி வாங்குகிற பெண்டாட்டி. வீட்டில் என் சொந்தப் புருஷன் ஒரு அதட்டல் போட்டதில்லை. நான் மீசை வரைந்துகொண்டு மாடிப்படி ஏறும்போது, "பாத்து, யாரையாவது நெசமாவே அடிச்சிடப்போற" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்வார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஜாக்கெட் தைக்கிற கடை இருக்கிறது. அளவு கொடுக்க வருகிற பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். மாமியார், குடி, அடி, நாத்தனார், மறுபடி அடி. கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல ஆனது. இதையெல்லாம் கடைக்குள்ளேயே வைத்துக்கொண்டு என்ன செய்ய? நாலு தெருவில் நின்று சொல்வோம் என்று ஆரம்பித்ததுதான் நாடகம். பூக்காரியும் மெக்கானிக் வீட்டு அக்காவும் முதலில் சேர்ந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் அரக்கோணம் ரோட்டில் பைக் ரிப்பேர் செய்கிறார். பறை தட்டவும் பாட்டுப் பாடவும் இன்னும் இரண்டு பேர் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான் எங்கள் படை.

ஆனால் நான் சொல்ல வந்தது எங்கள் நாடகத்தின் பெருமையை அல்ல. என் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி. பெண்டாட்டியை அடிக்காதே என்று என் மொட்டைமாடியில் நாங்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில், அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அவளை அவள் புருஷன் அடித்துக்கொண்டிருந்தான். அவள் கத்தினால் யாராவது வருவார்களா, மாட்டார்களா? அவள் பிழைப்பு அந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது. எங்கள் புண்ணியத்தில் யாரும் வரவில்லை.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஒத்திகை ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கதைப்படி நான் கையை ஓங்கினேன், பூக்காரி கத்தினாள். அவள் குரல் சாதாரணக் குரலா! படிக்கட்டில் காவடிக் கூட்டம் அரோகரா போடும்போதே அதைத் தாண்டி "மல்லி மல்லி" என்று கூவிப் பழகிய தொண்டை. அடுத்த நிமிஷம் என் வீட்டு வாசலில் பாதித் தெரு. எதிர்வீட்டு ரயில்வே பென்ஷன்காரர் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு நிற்கிறார். மூன்றாம் வீட்டு அம்மாள் கையில் தோசைக் கரண்டி. மேலே வந்து பார்த்தால் நான் லுங்கியும் மீசையுமாக நிற்கிறேன். "அட கடவுளே, இதுக்கா இப்டி கத்தினீங்க? எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு!" என்று அந்த அம்மாள் என்னைப் பிடித்து உலுக்கியதும், எல்லாரும் சிரித்ததும், பூக்காரி வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதும் நன்றாக நினைவிருக்கிறது.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. பாவம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் இந்தத் தெருவுக்கு ஓய்வு. மற்ற நாளெல்லாம் விடியும் முன்பே சென்னைக்கு ரயில் பிடிக்க ஓடுகிற ஜனங்கள். அதனால் நாங்களே வீடு வீடாகப் போனோம். "ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு நாடக ஒத்திகைங்க. பொம்பள கத்துற சத்தம் கேக்கும். பயப்படாதீங்க, யாரும் ஓடி வர வேணாம்." வாசல் வாசலாக நின்று, கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தோம். சத்தம் கேட்டால் வாருங்கள் என்று நாடகம் போடுகிற நாங்கள், எங்கள் சொந்தத் தெருவில் போய், சத்தம் கேட்டால் வராதீர்கள் என்று சொன்னோம். ஐந்து பேரில் ஒருத்திக்குக்கூட அது உறைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்கும் போனோம். அப்போது அந்தப் புருஷன் பெண்டாட்டி குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கழுத்தில் ஐடி கார்டு, நெற்றியில் விபூதிக் கீற்று, வாயைத் திறந்தால் "ங்க" இல்லாமல் ஒரு வார்த்தை வராது. நாங்கள் விஷயத்தைச் சொன்னதும், "நல்ல காரியம் பண்றீங்கக்கா, தாராளமா பண்ணுங்க. எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க" என்றான். போதாததற்கு எங்கள் தண்ணீர்க் கேனை வாங்கித் தோளில் வைத்து மாடிவரை கொண்டுவந்து கொடுத்தான். "பெத்தா இப்டி ஒரு புள்ளய பெக்கணும்" என்றாள் மெக்கானிக் வீட்டு அக்கா. அந்தப் பெண் அவனுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் சிரித்தோம், அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் காட்டில் மழை. பொதட்டூர்பேட்டையில் நெசவாளர் தெருவில் போட்டோம். பவர்கட் நாளாகப் பார்த்துப் போனோம். இல்லாவிட்டால் தறிச் சத்தத்தில் எங்கள் சத்தம் யாருக்கும் கேட்காது. ஆந்திரா எல்லை ஓர ஊர்களில் பாதி வசனம் தெலுங்கில் பேசுவோம். பூக்காரி "வொத்து பாவா, கொட்டத்து பாவா", வேணாம் மாமா, அடிக்காத மாமா என்று என் காலைப் பிடித்து அழும்போது கிழவிகள் எல்லாம் எனக்கு மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஒரு ஊரில் ஒருத்தி நிஜமாகவே என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது, ஆனால் அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை. பஸ்ஸில் வரும்போது எல்லாரிடமும் முதுகைக் காட்டிக்கொண்டே வந்தேன்.

கதையில் ஒரு கட்டம் வரும். நான் கையை ஓங்குவேன், பூக்காரி கத்துவாள், உடனே எல்லாரும் சிலையாக நின்றுவிடுவோம். மெக்கானிக் வீட்டு அக்கா மட்டும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இப்ப இந்த வூட்டுக்குள்ள யாரு போறது?" என்று கேட்பாள். பதில் வருகிறவரை நாங்கள் அசையக் கூடாது. திருவாலங்காட்டில் கரும்பு வெட்டுகிற ஜனங்களுக்கு நடுவில் போட்டபோது அந்தக் கட்டம் சிரிப்பாகிவிட்டது. ஓங்கிய கை எனக்குத் தாங்கவில்லை. ஆடிக்கொண்டே கீழே இறங்குகிறது. "அய்ய, புருசனுக்குக் கை நோவுது, யாராவது புடிங்கப்பா" என்று எவனோ கத்த, கூட்டமே கொல்லென்று சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவனை உண்மையிலேயே அடித்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு ஒத்திகையில் நான் ஒரே பிடிவாதம். "இன்னிக்கு சிலைதான். வேற எதுவும் வேணாம். என் கை ஆடாம நிக்கிற வரைக்கும் வுடமாட்டேன்" என்றேன். அதுவரை ஒத்திகையில் நாங்கள் சிலையாக நின்றதே கிடையாது. கேட்க ஆளில்லாத மாடியில் எதற்குச் சும்மா நிற்பது என்று அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுவோம். கத்தல் முடிந்ததும் பறை, பறை முடிந்ததும் பாட்டு. இடைவெளியே இருக்காது.

கையை ஓங்கினேன். பூக்காரி கத்தினாள். எல்லாரும் சிலையானோம். மாடி கப்சிப்.

கத்தல் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கீழேயிருந்து, "வேணாங்க, வேணாங்க, கைய வுடுங்க" என்று வந்துகொண்டே இருந்தது. பூக்காரி என் காலடியில் கிடந்தவாறே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நான் கத்தல" என்றாள்.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கதவு திறந்தது. அவன் தலையை வாரியிருந்தான். "இன்னாக்கா, ஒத்திகை அதுக்குள்ள முடிஞ்சிடுச்சிங்களா?" என்றான். அதே சிரிப்பு. நான் லுங்கியும் மீசையுமாக அவன் எதிரில் நிற்கிறேன். ஒரு புருஷனுக்கு எதிரில் இன்னொரு புருஷன். எத்தனை ஊரில் எவ்வளவு வசனம் பேசியிருப்பேன்! இங்கே வெறுமனே, "சத்தம் கேட்டுச்சே" என்றேன். "டிவிங்கக்கா" என்றான். அவனுக்குப் பின்னால் அவள் நின்றாள். "ஒண்ணும் இல்லக்கா" என்றாள். கன்னம் சிவந்து ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

அவன் கதவைச் சாத்தப் போனான். அப்போது பூக்காரி எனக்குப் பக்கவாட்டில் நுழைந்து, அவனையும் தாண்டி, நேராக உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். "மலையேறி எறங்குன காலு, கடுக்குது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன் தம்பி. தண்ணி இருந்தா குடேன்" என்றாள். முகத்தில் குங்குமத்தைக் குழைத்துப் போட்ட நாடகக் காயம் அப்படியே இருக்கிறது. அவள் பின்னால் மெக்கானிக் வீட்டு அக்கா போய் உட்கார்ந்தாள். மற்ற இரண்டு பேரும் பறையோடு போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் நானும் லுங்கியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவன் என்ன செய்வான்? தெருவிலேயே மரியாதைக்குப் பேர்போன பிள்ளை. வெளியே போங்கடி என்று அவன் வாயால் சொல்ல முடியுமா? எங்கள் எல்லாருக்கும் அவனே சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தான். குடித்தோம். பூக்காரி இன்னொரு சொம்பு கேட்டாள். அக்கா இந்த வருஷ வெயிலைப் பற்றிப் பேசினாள். நான் அவன் கம்பெனியில் என்ன தயாரிக்கிறார்கள் என்று கேட்டேன். அடிதடியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. இருட்டுகிற நேரம் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஒரு வேல இருக்குதுங்க" என்று தானே வெளியே போனான். வாசல் தாண்டும்போது என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சமும் இல்லை.

அவன் போனதும் அவள் பூக்காரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "ஞாயித்துக்கெழம வந்தாலே எனக்குக் கை காலு நடுங்குங்கக்கா" என்றாள். "நீங்க மேல ஆரம்பிச்சீங்கன்னா அவரு கீழ ஆரம்பிப்பாரு. கத்து, நல்லா கத்து, எவன் வர்றான்னு பாக்கலாம்பாரு."

மாடிக்கு வந்ததும் பூக்காரி மூக்கைச் சிந்தி அழுதாள். "போதும்க்கா, எனக்கு நாடகமும் வேணாம் ஒண்ணும் வேணாம். என் வாய்தான் அவளுக்கு எமன்." வேறு இடத்துக்கு ஒத்திகையை மாற்றலாம் என்றாள் அக்கா. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மாத்தினா? ஆடிக் கிருத்திகைக்குத் தெருவெல்லாம் ஸ்பீக்கர் கட்டுவான். அதுல அடிப்பான். தீவாளிக்கு வெடிச் சத்தத்துல அடிப்பான். ஊர்ல சத்தத்துக்கா பஞ்சம்? நாம போகக் கூடாது. ஜனங்க வரணும். வராதீங்கன்னு நாமதான சொன்னோம், நாமே போயி வாங்கன்னு சொல்லுவோம்." எனக்கே தெரியாமல் வசனம் மாதிரிதான் பேசியிருக்கிறேன். பூக்காரி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

மறுநாள் அவளிடம் முதலில் கேட்டோம். அவளுக்குச் சம்மதமில்லாமல் அவள் கதையைத் தெருவில் எடுத்துப் போக எங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? மகளிர் காவல் நிலையத்துக்குக் கூடவே வருகிறோம் என்றோம். "இப்ப வேணாங்க்கா" என்றாள். ஊரில் அவள் நைனாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கச்சி கல்யாணம் இருக்கிறது, இன்னும் என்னென்னவோ. "ஆனா நான் கத்துனா யாராவது வரணும்க்கா. அது போதும். அது இருந்தா நான் மத்ததப் பாத்துக்குவேன்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவள் பேரை எடுக்காமல், மறுபடி அதே வாசல்களில் போய் நின்றோம். "போன தடவ தப்பா சொல்லிட்டோம்ங்க. சத்தம் கேட்டா வாங்க. ஞாயித்துக்கெழமன்னாலும் வாங்க, ஒத்திகையா இருந்தாலும் வாங்க. வந்து பாத்துட்டு ஒத்திகைன்னா திட்டிட்டுப் போங்க." பென்ஷன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னாம்மா இது, ஒரு தரம் வராதன்ற, ஒரு தரம் வான்ற. நாங்க இன்னா உங்க வூட்டு வேலைக்காரங்களா?" என்றார். தோசைக் கரண்டி அம்மாளோ, "டிவில படம் போடுற நேரத்துல மாடியேறச் சொல்றியே, இது நியாயமா? மூட்டு வலி யாருக்கு?" என்று சண்டைக்கு வந்தாள். நானும் விடவில்லை. வாய்க்கு வாய் பேசினேன். அது என் சுபாவம், என்ன செய்ய? கடைசியில் மெக்கானிக் வீட்டு அக்கா என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, "அம்மா, நாங்க கத்தறப்ப நெசமான கத்தலு ஒண்ணு உள்ள இருந்தா உங்களுக்கு எப்டி தெரியும்? எங்களுக்கே தெரியல" என்றாள். அந்த அம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டை ஒரு தரம் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு பூக்காரி கத்தியதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். படிக்கட்டில் ஒரே ஒரு காலடிச் சத்தம். தோசைக் கரண்டி அம்மாள் மூச்சு வாங்க வந்து நின்று, "ஒத்திகைதான?" என்றாள். "ஆங், ஒத்திகைதான்" என்றோம். "நாசமாப் போங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இறங்கியவள் நேரே பக்கத்து வீட்டுக்குள் போய், "உறை மோர் கொஞ்சம் இருக்குதாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனாள். எனக்கு அவள் காலில் விழலாம்போல இருந்தது.

அதற்கப்புறம் ஒருவர் இருவராகக் கூடினார்கள். பென்ஷன்காரர், வருவதுதான் வருகிறோம் என்று நாற்காலியோடு வந்தார். என் நடிப்பில் குறை கண்டுபிடிப்பது அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகிவிட்டது. யாரோ சுண்டல் கொண்டுவந்தார்கள். மாடி இறங்கும்போது எல்லாருக்கும் பக்கத்து வீட்டில் ஏதோ ஒரு வேலை இருக்கும். ஒருத்திக்குக் கறிவேப்பிலை வேண்டும், ஒருத்திக்கு நேரம் தெரிய வேண்டும். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தங்குவதையே விட்டுவிட்டான். நாடகம் போடப் போன ஊர்களில்கூட இத்தனை சந்தோஷம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. பூக்காரியின் குரல் மறுபடி பழையபடி ஏறியது.

இருந்தாலும் எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. நாங்கள் இல்லாத நாளில்? சுண்டலும் நாற்காலியும் இல்லாத நாளில்?

அது ஒரு புதன்கிழமை காலையில் நடந்தது. நான் கடையில் இருந்தேன். பூக்காரி மலையில் இருந்தாள். அக்கா அரக்கோணம் போயிருந்தாள். எங்கள் ஐந்து பேரில் ஒருத்திகூடத் தெருவில் கிடையாது. என் வீட்டுக்காரர் போன் போட்டு, "சீக்கிரம் வா, பக்கத்து வூட்ல" என்று மட்டும் சொன்னார். மிஷினில் பாதித் தையலை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் என் வாயில் முருகன் பேர்தான்.

போய்ப் பார்த்தால் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவன் அவள் முடியைப் பிடித்திருக்கிறான், அவள் ஒரே ஒரு கத்தல் கத்தியிருக்கிறாள். வேலைக்குப் போகாமல் தெருவில் இருந்த அத்தனை பேரும் உள்ளே போய்விட்டார்கள். பென்ஷன்காரர் அவனுக்கு எதிரில் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தோசைக் கரண்டி அம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முடியைப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். யாரோ அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. நான் உள்ளே நுழையப் பார்த்தேன். "கொஞ்சம் இருங்கக்கா, எடம் இல்ல" என்று ஒருத்தி என்னைத் தடுத்தாள். என் தெருவில், எனக்கு! வாசலிலேயே எக்கி நின்று பார்த்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு காவல் நிலையம், வக்கீல் என்று அவளே முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால் போனோம். வழக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். ஆனால் அந்தப் புதன்கிழமையில் நான் காதால் கேட்டது ஒன்று உண்டு.

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அவனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, துணிகளைப் பையில் திணித்தான். சுவர் ஆணியைத் தடவினான், மேசை டிராயரை இழுத்தான். பிறகு தினமும் கேட்கிற பழக்கத்தில், அவள் பக்கம் திரும்பாமலே, "என் ஐடி கார்டு எங்க?" என்றான்.

பின்னிக்கொண்டிருந்த அம்மாளின் கை நின்றது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டாமல், பின்னல் கலையாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"நீயே தேடிக்கோ."